கிண்ணத்துக்குள் எத்தனை ஸ்பூன்?
காலை உணவு சீரியல் பற்றி வாசகர்கள் கேட்டவையும் பதில்களும்

டப்பாவைத் திறந்தோமா, கொட்டினோமா, பாலை ஊற்றினோமா என்று இரண்டு நிமிடத்தில் முடிகிற காலை உணவைப் பற்றித்தான் இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ('சீரியல்' என்று எழுதியிருப்பது தட்டில் வருவதை, திரையில் வருவதை அல்ல.)

கேள்வி: டப்பாவின் முன்பக்கத்தில் 'முழுதானியம்', '10 வைட்டமின்கள்' என்று போட்டிருக்கிறது. பின்பக்கத்தில் ஒரு பரிமாறலுக்குச் சர்க்கரை 9 கிராம் என்று இருக்கிறது. இது அதிகமா, குறைவா?

பரிமாறல், அதாவது ஒரு முறை சாப்பிடும் அளவு என்று டப்பா சொல்வது, எத்தனை கிராம் என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 30 கிராமில் 9 கிராம் என்றால் நூற்றுக்கு 30. நீங்கள் கொட்டுவதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. அதே 9 கிராம் 60 கிராம் பரிமாறலில் இருந்தால் நூற்றுக்கு 15. இரண்டும் ஒன்றல்ல. அதனால் 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தியை விட்டுவிட்டு '100 கிராமுக்கு' என்ற பத்தியைப் பாருங்கள். அது இல்லாத டப்பாவில், சர்க்கரையைப் பரிமாறல் எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள்.

பிரிட்டனில் டப்பாக்களின் முன்பக்கத்தில் போடப்படும் சிவப்பு, மஞ்சள், பச்சைக் குறிகளுக்கு ஒரு கணக்கு உண்டு: 100 கிராமில் சர்க்கரை 22.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 5 கிராமோ அதற்குக் கீழோ இருந்தால் பச்சை. நினைவில் வைத்துக்கொள்ள வசதியான எல்லைகள் இவை. தினமும் சாப்பிடுகிற சீரியல் என்றால் 5-க்குள் இருப்பது நல்லது, 10 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. 20-ஐத் தாண்டினால் அதை பிஸ்கட் இருக்கிற அலமாரியில் வைத்துவிடுங்கள். அதன் இடம் அதுதான்.

இன்னொன்று, கிண்ணம். நீங்கள் உண்மையில் எவ்வளவு கொட்டுகிறீர்கள் என்பது டப்பாவுக்குத் தெரியாது. சமையலறைத் தராசில் காலிக் கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, வழக்கம்போல் கொட்டிப் பாருங்கள். 30 கிராமில் நிற்பவர்கள் குறைவு. 50, 60 என்று போவது சாதாரணம். 240 மில்லி கோப்பை ஒன்றில் பொரி மாதிரியான சீரியல் 15 கிராம் அளவுக்குத்தான் பிடிக்கும். கார்ன் ஃபிளேக்ஸ் 30 கிராம் பிடிக்கும். எண்ணெயும் இனிப்பும் பூசிச் சுட்ட ஓட்ஸ் கலவையான கிரனோலாவோ 100 கிராமைத் தொட்டுவிடும். கண்ணுக்கு ஒரே அளவு, எடையில் ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அமெரிக்காவில் 2016-இல் லேபிள் விதிகளைத் திருத்தியபோது, மக்கள் நிஜமாகச் சாப்பிடும் அளவைப் பார்த்து, சாதாரண சீரியலின் பரிமாறல் எடையை 30-இலிருந்து 40 கிராமாக உயர்த்தினார்கள். கிரனோலா மாதிரி கனமானவற்றுக்கு அது 60 கிராம்.

கிராமை ஸ்பூனாக மாற்ற: 4 கிராம் ஒரு டீஸ்பூன். நூற்றுக்கு 30 சர்க்கரை உள்ள சீரியலை 50 கிராம் கொட்டினால் 15 கிராம், அதாவது நான்கு ஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. காபியில் நான்கு ஸ்பூன் போடச் சொன்னால் எத்தனை பேர் போடுவார்கள்?

கேள்வி: உட்பொருள் பட்டியலில் சர்க்கரை மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறது. அப்படியென்றால் குறைவாகத்தானே இருக்கும்?

உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரிசைப்படுத்துவதுதான் விதி. அந்த விதியை மீறாமலே சர்க்கரையைக் கீழே இறக்க ஒரு வழி இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. துண்டு போட்டால் மறைக்கலாம். ஒரு கற்பனை டப்பாவை எடுத்துக்கொள்வோம். ஓட்ஸ் 36, கோதுமை 24, சர்க்கரை 12, குளுக்கோஸ் சிரப் 8, தேன் 4, மால்ட் சாறு 2, மற்றவை 14. பட்டியலில் சர்க்கரை மூன்றாவது. நான்கு இனிப்புகளையும் கூட்டினால் 26. கோதுமையைத் தாண்டி இரண்டாவது இடத்துக்கு வந்துவிடும்.

அதனால் பட்டியலைப் படிக்கும்போது ஒரு பென்சிலை எடுத்து இந்தப் பெயர்களை எல்லாம் வட்டமிடுங்கள்: சுக்ரோஸ், குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், மால்டோஸ், இன்வர்ட் சிரப், கார்ன் சிரப், அரிசி சிரப், மொலாசஸ், தேன், கரும்புச் சாறு, அடர்த்தியாக்கிய பழச்சாறு. கடைசியாகச் சொன்னது 'பழத்தின் இனிப்பு' என்று நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். பழத்தின் நார் போய், தண்ணீரும் வற்றிய பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் சர்க்கரைதான்.

மால்டோடெக்ஸ்ட்ரின் தனி ஆள். அதில் சர்க்கரை என்று கணக்கில் வருவது மிகக் கொஞ்சம். லேபிளில் பெரும்பகுதி மாவுச்சத்தின் கீழ்தான் போகும். ஆனால் உடலுக்குள் மிக விரைவாகக் குளுக்கோஸாக உடையும். ரத்தச் சர்க்கரையைக் கவனிப்பவர்கள் அதையும் வட்டமிட வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு குழப்பம் வரும். திராட்சையும் பேரீச்சையும் போட்ட மியூஸ்லியில் (சுடாத ஓட்ஸ் கலவை) 'மொத்தச் சர்க்கரை' 15, 16 என்று காட்டும்; 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' பூஜ்யமாக இருக்கும். இதையும் சிரப் பூசிய சீரியலையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட வேண்டாம். சேர்க்கப்பட்ட சர்க்கரைக்குத் தனி வரி இருக்கும் லேபிளில் அந்த வரியைப் பாருங்கள். இல்லாவிட்டால் பென்சில்தான்.

கேள்வி: சர்க்கரை எதற்குத்தான் இவ்வளவு? இனிப்புக்கு மட்டும்தானா?

இல்லை. வெந்த, பொரிந்த துண்டுகளைச் சுழலும் உருளைக்குள் விட்டு, சூடான சிரப்பைத் தெளித்துக் காயவைக்கிறார்கள். அந்தப் பூச்சு கண்ணாடி மாதிரி இறுகி, பால் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும். மொறுமொறுப்பு சில நிமிடம் கூடுதலாக நிற்கும். நிறமும் வாசனையும் சர்க்கரை வதங்குவதால் வருபவை. எடையும் கூடும். கிண்ணத்தின் அடியில் கடைசியாக மிஞ்சுகிற பால் ஏன் அவ்வளவு இனிக்கிறது என்பதற்கும் இதுதான் விடை: பூச்சு கரைந்து பாலுக்கு வந்துவிட்டது. அதைக் குடிக்காமல் விட்டால் கொஞ்சம் மிச்சம். எந்தக் குழந்தையும் விடாது.

கேள்வி: ஏழு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு சர்க்கரை சாப்பிடலாம்? பாலில், பழத்தில் இருப்பதையும் சேர்க்க வேண்டுமா?

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள், குழந்தைகள் இருவருக்கும் பொருந்தும். 'தனிச் சர்க்கரை'யிலிருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், 25 கிராம். 1500 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு 37, 19 என்று வரும். அமெரிக்க இதயச் சங்கம் 2016-இல் இன்னும் எளிமையாகச் சொன்னது: 2 முதல் 18 வயது வரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள், 2 வயதுக்குள் வேண்டவே வேண்டாம்.

தனிச் சர்க்கரை என்பதில், தயாரிப்பவரோ சமைப்பவரோ சாப்பிடுபவரோ சேர்க்கும் எல்லாச் சர்க்கரையும் அடங்கும். தேன், சிரப், பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாக இருப்பதும் அடங்கும். பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸ் இதில் சேராது. முழுசாகக் கடித்துச் சாப்பிடும் பழத்தின் சர்க்கரையும் சேராது. பழச்சாறு சேரும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 30 உள்ள சீரியல் 45 கிராம்: 13.5. பக்கத்தில் 200 மில்லி ஆரஞ்சுச் சாறு: சுமார் 17. பள்ளி மணி அடிப்பதற்குள் 30 கிராம் உள்ளே போயாகிவிட்டது. சாற்றுக்குப் பதில் ஒரு முழு ஆரஞ்சைக் கொடுத்தால் அந்த 17 அப்படியே கணக்கிலிருந்து கழிகிறது. சீரியலை மாற்றுவதற்கு முன்பே செய்யக்கூடிய மாற்றம் இது, பிள்ளையும் பெரிதாக முரண்டு பிடிக்காது.

கேள்வி: எனக்கு நீரிழிவு. சாதா கார்ன் ஃபிளேக்ஸில் 100 கிராமுக்கு 8 கிராம் சர்க்கரைதானே என்று அதைச் சாப்பிடுகிறேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை எகிறுகிறது. லேபிள் பொய் சொல்கிறதா?

லேபிள் பொய் சொல்லவில்லை. நீங்கள் பார்த்த வரிதான் போதவில்லை. அதே லேபிளில் 'மொத்தக் கார்போஹைட்ரேட்' 84 என்று இருக்கும். சர்க்கரை 8 போக மீதி பெரும்பாலும் மாவுச்சத்து. மக்காச்சோளத்தை வேகவைத்து, தகடாக உருட்டி, வறுக்கும்போது அதன் மாவுச்சத்து நன்றாக வெந்து, நொதிகள் எளிதில் உடைக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. தவிடும் முளையும் முன்பே போய்விட்டன. நார் 3 கிராம் அளவுக்குத்தான் மிச்சம். கிளைசெமிக் இண்டெக்ஸ் 80-ஐ ஒட்டி வருவது இதனால்தான். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதை, குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து அளக்கிற கணக்கு அது.

ஓட்ஸிலும் இதே பாடம் தெரியும். வெட்டிய முழு ஓட்ஸும் தடிமனான தட்டை ஓட்ஸும் 55-ஐ ஒட்டி நிற்கும். வெந்நீர் ஊற்றினால் கரைகிற இன்ஸ்டன்ட் ஓட்ஸ் 75-க்கு மேல் போகும். தானியம் ஒன்றுதான், இடித்த விதம் வேறு. துண்டு எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு வேகமாகச் செரிக்கிறது.

வாங்கும்போது இன்னொரு எளிய சோதனை: மொத்தக் கார்போஹைட்ரேட்டை நார்ச்சத்தால் வகுங்கள். 10-க்குள் வந்தால் முழுதானியத்தின் தன்மை மிச்சம் இருக்கிறது. ஓட்ஸுக்கு 67-ஐ 10-ஆல் வகுத்தால் 6.7. கார்ன் ஃபிளேக்ஸுக்கு 84-ஐ 3-ஆல் வகுத்தால் 28. 'பலதானியம்' என்று முன்பக்கத்தில் எழுதியிருப்பதை இந்த வகுத்தல் கணக்கு உடனே சோதித்துவிடும்; ஐந்து தானியங்களையும் தீட்டி மாவாக்கினாலும் பலதானியம்தான்.

கார்ன் ஃபிளேக்ஸையே சாப்பிட ஆசைப்பட்டால், 25–30 கிராமை எடைபோட்டு, இனிப்பில்லாத தயிரோடும் ஒரு கைப்பிடி பாதாமோடும் சாப்பிடுங்கள். புரதமும் கொழுப்பும் இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், ஏற்றம் சற்றுத் தணியும். சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து அளந்து, ஓட்ஸ் சாப்பிட்ட நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே கிண்ணம் இருவர் உடலில் ஒரே மாதிரி ஏறாது. உங்கள் மீட்டர் சொல்வதே உங்களுக்குச் சரி. இன்சுலின் போடுபவரும், சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரை எடுப்பவரும் காலை உணவின் மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் தாழ்சர்க்கரை வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் தேனோ பழுப்புச் சர்க்கரையோ போட்டால்?

ருசி மாறும், கணக்கு மாறாது. பழுப்புச் சர்க்கரை என்பது கொஞ்சம் மொலாசஸ் ஒட்டியிருக்கும் சர்க்கரை. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை, மீதி பெரும்பாலும் தண்ணீர். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் கிருமியின் வித்துகளை அந்த வயதுக் குடலால் தடுக்க முடியாது.

கேள்வி: மியூஸ்லி, கிரனோலா இரண்டும் ஆரோக்கியமானவை என்கிறார்கள். வீட்டில் கிரனோலா செய்தால் ஒன்று கட்டி சேராமல் உதிர்கிறது, இல்லை கருகுகிறது. சர்க்கரையைக் குறைத்துச் செய்வது எப்படி?

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். மியூஸ்லி சுடாதது, ஓட்ஸ், கொட்டைகள், உலர்பழம் கலந்த கலவை. 1900-ஐ ஒட்டி சூரிச்சில் பிர்ஷர்-பென்னர் என்ற மருத்துவர் தன் நோயாளிகளுக்குக் கொடுத்த மூலக் கலவையில் ஆள் ஒருவருக்கு ஓட்ஸ் ஒரே ஒரு டேபிள்ஸ்பூன்தான், அதுவும் இரவே ஊறவைத்தது. மீதி பெரும்பாலும் துருவிய ஆப்பிள். இன்றைய டப்பா அதைத் தலைகீழாக்கிவிட்டது.

கிரனோலா எண்ணெயும் இனிப்பும் பூசிச் சுட்டது. கடையில் கிடைப்பதில் நூற்றுக்கு 20, 25 சர்க்கரை வியப்பில்லை. கலோரியும் 450-ஐத் தாண்டும். அது மேலே தூவிக்கொள்ள வேண்டிய பொருள், கிண்ணம் நிறையக் கொட்டிக்கொள்ளும் பொருள் அல்ல.

வீட்டுக்கான அளவு: தட்டை ஓட்ஸ் 300 கிராம், ஒன்றிரண்டாக நறுக்கிய கொட்டைகள் 100, பூசணி விதையும் சூரியகாந்தி விதையும் சேர்த்து 50, மணமில்லாத எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், தேன் 40 கிராம், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, லவங்கப்பட்டைப் பொடி ஒரு டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, எண்ணெய், தேனோடு கலந்து, உலர்ந்தவை எல்லாவற்றின் மீதும் படும்படி பிசறுங்கள். தட்டில் ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, கரண்டியின் பின்புறத்தால் அழுத்துங்கள். 150 டிகிரி செல்சியஸில் 30–35 நிமிடம். பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைத்து, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளுங்கள்.

கட்டி சேராததற்குக் காரணம், இனிப்பைக் குறைத்ததும் ஒட்டவைக்கும் பசையும் போய்விடுவதுதான். வெள்ளைக்கரு அந்த வேலையைச் செய்யும். கடைசி 15 நிமிடம் கிளறாதீர்கள். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். 'இன்னும் மொறுமொறுப்பாகவில்லை' என்று திரும்ப உள்ளே தள்ளுபவர்களின் கிரனோலாதான் கருகுகிறது. தட்டோடு ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள், ஆறும்போதுதான் இறுகும். இன்னொரு தவறு, உலர்திராட்சையைச் சேர்த்துச் சுடுவது. அது கரிந்து கசக்கும், கல்லாகவும் ஆகும். ஆறிய பிறகு கலக்க வேண்டியது அது. முழுசாக ஆறுவதற்குள் டப்பாவில் அடைத்தால் உள்ளே ஆவி வியர்த்து மறுநாளே நமத்துப்போகும்.

மேலே சொன்ன அளவில் தேனிலிருந்து வருவது 32 கிராம் சர்க்கரை. சுட்டு முடிந்ததும் கிடைப்பது ஏறக்குறைய 500 கிராம். நூற்றுக்கு ஆறரை. உலர்பழம் போட்டால் அதற்கேற்பக் கூடும்: திராட்சையில் நூற்றுக்கு 60-க்கு மேல் சர்க்கரை. ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கொட்டைகளைப் பொடித்தே போடுங்கள். முழுசாக இருந்தால் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு.

கேள்வி: இனிப்பு சீரியலை ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளை சாப்பிடாமலே போய்விடுகிறது. எப்படி மாற்றுவது?

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். இனிப்பு சீரியலோடு, அதே வடிவத்தில் இருக்கும் இனிப்பில்லாத சீரியலைக் கலந்துகொண்டே போங்கள். வடிவம் முக்கியம். உருண்டையோடு தட்டையைக் கலந்தால் பிள்ளை உருண்டையை மட்டும் பொறுக்கிவிட்டு, தட்டையை ஊறப்போட்டுவிடும்.

40 கிராம் கிண்ணம், இனிப்பு சீரியல் நூற்றுக்கு 30, சாதா சீரியல் நூற்றுக்கு 3 என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து நாள் 30 கிராம் இனிப்பு, 10 கிராம் சாதா: சர்க்கரை 12-இலிருந்து 9.3-க்கு இறங்கும். அடுத்த பத்து நாள் பாதிக்குப் பாதி: 6.6. பிறகு 10-க்கு 30: 3.9. ஒரு மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்தாயிற்று, சண்டை இல்லாமல். அந்தக் கடைசிப் பத்து கிராமை அப்படியே விட்டுவைத்தாலும் பாதகமில்லை.

பெரிய டப்பாவில் மொத்தமாகக் கலந்து வைக்காதீர்கள். பூச்சு போட்ட துண்டுகள் கனமானவை. ஆட்ட ஆட்ட அடிக்கு இறங்கிவிடும். மேல் பாதி இனிக்காது, அடிப் பாதி தித்திக்கும். ஒவ்வொரு நாளும் கிண்ணத்திலேயே கலங்கள். மேசையில் சர்க்கரைக் கிண்ணம் இருக்கக் கூடாது. சுவையூட்டிய பால் பழக்கம் இருந்தால் அதையும் இதே மாதிரி சாதாப் பாலோடு கலந்து குறையுங்கள். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் பாதியை வட்டமாக நறுக்கி மேலே அடுக்கினால் இனிப்பு குறைந்தது பெரிதாக உறைக்காது.

கேள்வி: இரவே ஊறவைக்கும் ஓட்ஸ் ஒரு நாள் களி மாதிரி இருக்கிறது, இன்னொரு நாள் தண்ணீராக இருக்கிறது. சரியான அளவு என்ன?

களியாவதற்குப் பெரும்பாலும் இன்ஸ்டன்ட் ஓட்ஸ்தான் காரணம். மெலிந்த துண்டுகள் ஒரு மணி நேரத்திலேயே கரைந்துவிடும். தடிமனான தட்டை ஓட்ஸ் வாங்குங்கள். வெட்டிய முழு ஓட்ஸ் இதற்குச் சரிப்படாது, விடிந்தாலும் நறநறவென்றே இருக்கும்.

அளவு: ஓட்ஸ் 40 கிராம், பால் 100 மில்லி, புளிக்காத தயிர் 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. சியா விதை போடுவதானால் 10 கிராம் போட்டு, பாலை 160 மில்லியாகக் கூட்டுங்கள். சியா தன் எடையைப் போல் பத்து மடங்கு வரை நீரை இழுக்கும். பாலைக் கூட்டாமல் சியாவை மட்டும் போட்ட நாள்தான் களி நாள். கலந்து பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு கிளறு கிளறினால் சியா அடியில் கட்டியாக உட்காராது. மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 6–8 மணி நேரம். மூன்று நாள் வரை வைத்திருக்கலாம். வெளியே வைத்து ஊறவைக்கக் கூடாது. வாழைப்பழத்தை இரவே போட்டால் கறுக்கும், தர்பூசணி போன்றவை நீர் விடும். எல்லாப் பழமும் காலையில்தான். தண்ணீராகிற நாளுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

அடுப்பில் செய்வதானால் 40 கிராமுக்கு 250 மில்லி, பாதி பால் பாதி தண்ணீர், மிதமான தீயில் ஐந்து நிமிடம். ஓட்ஸில் உள்ள பீட்டா-குளுக்கன் என்ற கரையும் நார்தான் அந்த வழவழப்பு. விடாமல் கிளறினால் வழவழப்பு கூடும். பிடிக்காதவர்கள் இரண்டு முறை கிளறிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அந்த நார் நாளுக்கு 3 கிராம் உள்ளே போனால் கெட்ட கொழுப்பு குறைய உதவும். அதற்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும்.

சுவையூட்டிய ஓட்ஸ் பொட்டலங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இனிப்பு வகையாக இருந்தால், ஒரு சிறு பொட்டலத்திலேயே இரண்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரை இருக்கலாம். சாதா ஓட்ஸில் நூற்றுக்கு ஒன்று.

கேள்வி: 'சர்க்கரை இல்லாதது' என்று போட்டு, வேறு இனிப்பூட்டி சேர்த்த சீரியல் நல்லதா?

உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. ஸ்டீவியாவும் அதில் அடக்கம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த வழிகாட்டுதல் பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. மால்டிடால், சார்பிட்டால் போன்றவை சேர்த்திருந்தால், அதிகம் சாப்பிடும்போது வயிறு உப்பும், சிலருக்குப் பேதியாகும். நாக்கு அதே தித்திப்புக்குப் பழகியே இருக்கும் என்பதுதான் இதில் எங்களுக்குப் பிடிக்காதது.

கேள்வி: சீரியலில் இரும்புத்தூள் இருக்கிறது, காந்தத்தில் ஒட்டும் என்கிறார்களே?

உண்மைதான். இரும்புச் சத்து சேர்த்த பல சீரியல்களில் போடுவது உணவுத் தரத்தில் மிக நுண்ணியதாகப் பொடித்த உலோக இரும்பு. ஒரு கோப்பைச் சீரியலை நீரில் கரைத்து, பைக்குள் போட்டு, வலுவான காந்தத்தை வெளிப்புறம் தேய்த்தால் கறுப்பாகத் திரளும். பயப்பட ஒன்றுமில்லை, வயிற்று அமிலம் அதில் ஒரு பகுதியைக் கரைக்கும். வைட்டமின் சி உள்ள பழத்தோடு சாப்பிட்டால் உறிஞ்சப்படுவது கூடும், டீயோடு சாப்பிட்டால் குறையும். ஆனால் 'இரும்பு சேர்த்தது' என்ற வரியும் நூற்றுக்கு 30 சர்க்கரையும் ஒரே டப்பாவில் இருக்கலாம். ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது.

கேள்வி: எட்டு மணிக்குச் சீரியல் சாப்பிட்டால் பத்தரைக்கே பசிக்கிறது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் சமைக்க நேரமில்லை. என்ன சாப்பிடலாம்?

30 கிராம் கார்ன் ஃபிளேக்ஸும் 125 மில்லி பாலும் சேர்ந்தால் புரதம் 6 கிராம், நார் ஒரு கிராம். பத்தரைக்குப் பசிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெரியவர்கள் காலையில் 15–20 கிராம் புரதம், 5 கிராமுக்குக் குறையாத நார் என்று வைத்துக்கொண்டால் மதியம் வரை தாங்கும்.

ஓட்ஸ் 40 கிராம், பால் 200 மில்லி, மேலே வறுத்த வேர்க்கடலை 20 கிராம்: புரதம் 17, நார் 5-க்கு மேல். முட்டை இரண்டு, முழுக்கோதுமை ரொட்டி இரண்டு துண்டு, ஒரு ஆரஞ்சு: புரதம் 20, நார் 7, 8 (ரொட்டியின் லேபிளிலும் சர்க்கரையைப் பாருங்கள், சிலவற்றில் தாராளமாக இருக்கும்). இனிப்பே வேண்டாம் என்பவருக்கு, முந்தின நாள் இரவே ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை 150 கிராம், நறுக்கிய வெங்காயம், தக்காளி, எலுமிச்சை: புரதம் 13, நார் 11. இதில் ஒரு முட்டையைச் சேர்த்தால் 19. காலையில் செய்ய வேண்டியது நறுக்குவது மட்டும்தான். கடலையை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வேகவைத்து, நீரை நன்றாக வடித்து, மூடிக் குளிரில் வைத்தால் மூன்று, நான்கு நாள் வரும். நீரோடு வைத்தால் சீக்கிரம் கொழகொழக்கும்.

கையில் சீரியல்தான் இருக்கிறது என்றால் அளவைக் கூட்டாதீர்கள். 30 கிராம் அப்படியே இருக்கட்டும். பாலுக்குப் பதில் 200 கிராம் இனிப்பில்லாத தயிர், 15 கிராம் பாதாம், தோலோடு ஒரு ஆப்பிள். புரதம் 12 வரை வரும், நாரும் 7-ஐ ஒட்டி வந்துவிடும். தயிரில் சீரியலைக் கடைசி நிமிடத்தில் போடுங்கள். முன்பே போட்டால் ஈரம் ஏறி, மொறுமொறுப்புக்காக வாங்கிய பொருள் கூழாகிவிடும்.